நரிக்கு ‘வாங்க’ சொன்னவன்

1

வேட்டை உரிமத்தை இந்த வாரம்தான் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். ஊரில் இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். நெசவுத் தொழில்நுட்பம் படித்து, திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தி, ஐம்பதை நெருங்கும் வயதில் கடல் கடந்து வந்து, இங்கே ஒரு பஞ்சு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோழி அறுக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு டெக்சஸ் மாநிலத்தில் வேட்டை உரிமம்.

அதுவும் என் பெயரில் இல்லை. இந்த நாட்டில் தகப்பன் பெயர் கடைசிப் பெயராகிவிடுகிறது. அதனால் அஞ்சல்காரர் முதல் பல் மருத்துவர் வரை எல்லோரும் என்னை பழனிசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோவிலில் கிடாய் வெட்டினால் ஊரைவிட்டே வெளியே போய் நின்ற என் அப்பா, இன்று டெக்சஸில் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்.

உரிமம் தருகிற பெண்மணி வழக்கமான கேள்விகளைக் கேட்டார். தலைமுடியின் நிறம் வெள்ளை என்றேன். கண் கறுப்பு என்றேன். அவர் எட்டிப் பார்த்து, பழுப்பு என்று எழுதிக்கொண்டார். எதை வேட்டையாடுகிறீர்கள் என்றார்.

“நான் சுடுவதில்லை. கூப்பிடுவது மட்டும்.”

அதற்கு அவரிடம் கட்டம் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார்.

நான் கூப்பிடுவது கொயோட்டி என்ற விலங்கை. நம் ஊர் நரிக்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். நரியைவிட உயரம், நாயைவிடத் தந்திரம். இந்தத் தொழிலை நான் எப்படிக் கற்றேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லாமல் முடியாது. என் மனைவி பாவாயிக்கு ஒரே ஒரு தம்பி, ரங்கசாமி. அக்காளும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் பல வருஷம் இருந்தார்கள். அதற்குக் காரணம் நான். அந்த விஷயம் எனக்கும் ரங்கசாமிக்கும் தெரியும். பாவாயிக்கு அப்போது தெரியாது. நான் சொல்லவில்லை.

2

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பருத்திக் காடு. அதைத் தாண்டினால் முள்மரம் மண்டிய மேட்டு நிலம். அங்கே வால்ட்டர் என்பவர் செம்மறி வளர்க்கிறார். என் வயதுதான். குட்டி போடுகிற பருவத்தில் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

“கொயோட்டி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. எனக்குத் துப்பாக்கி பிடிக்கத்தான் கை இருக்கிறது. கூப்பிட ஆள் இல்லை. உனக்கு மூச்சு இருக்கிறதா?”

“தினமும் பிராணாயாமம் செய்கிறேன்” என்றேன். அவருக்கு அது புரியவில்லை. ஆனால் தலையாட்டினார்.

வால்ட்டர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன். ‘ங்க’ சேர்க்க ஆசைதான். அவர் சொன்னதில் அது கிடையாது.

கூப்பிடுவதற்கு மரத்தாலான ஓர் ஊதல். உள்ளே மெல்லிய தகடு. அடிபட்ட முயல் கத்துவதைப் போல அதில் ஊத வேண்டும். முயல் எங்கோ சாகிறது, சுலபமாகச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிக் கொயோட்டி வரும். இதுதான் மொத்த வித்தை. கேட்க எளிது.

கார் கொட்டகையில் உட்கார்ந்து பழகினேன். பாவாயி உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, இது என்னங்க சத்தம்?”

“முயல்.”

“முயலாட்ட இல்லீங்க. பல்லு வலிக்கற கெழவனாட்ட இருக்குது.”

வால்ட்டரின் தீர்ப்பு இன்னும் மோசம். “முயலுக்கு உயிர் போகிறது. நீ தேவாலயத்தில் பாடுகிறாய். அது மூச்சு முட்டிக் கத்தும். நடுநடுவே தளர்ந்துபோகும். உன் பாட்டு சீராக இருக்கிறது. சாகிறவன் சீராகக் கத்த மாட்டான்.”

ஊதுவது ஒருவாறு வந்தது. உட்காருவதுதான் வரவில்லை. காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும், முதுகில் அடித்தால் நம் வாடை முன்னால் போய்விடும். முதுகுக்குப் பின்னால் ஒரு மரம் வேண்டும், அப்போதுதான் நம் உருவம் வானத்தில் தனியாகத் தெரியாது. வண்டியை மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைத்து நிறுத்த வேண்டும். முதல் நாள் நான் வண்டிக் கதவை வீட்டில் சாத்துவதைப்போலச் சாத்தினேன். வால்ட்டர் அப்போதே வண்டியைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு நாள் காது அரித்தது, சொறிந்தேன். வேறொரு நாள் போதும் என்று நானாக எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் மணலில் புதுக் கால்தடம். அது வந்து, எங்கள் முதுகைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

“பார்த்தாயா? பாதிப் பேர் தோற்பது ஊதத் தெரியாமல் இல்லை. எழுந்துவிடுவதால்” என்றார் வால்ட்டர்.

ஆனாலும் அந்தக் காலைகள் எனக்கு மிகவும் பிடித்துப்போயின. ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஒருவர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நான் சாய்ந்துகொள்கிற முள்மரம் கூட உறவுதான். நம் வேலிகளில் பரவிவிட்ட சீமைக் கருவேலத்துக்கு இந்தப் பக்கம்தான் பூர்வீகம். ஊருக்குப் போய்ப் பரவிவிட்டவன் அவன், இங்கே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவன் நான்.

3

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ரங்கசாமியும் நானும் சேர்ந்து திருப்பூரில் கம்பெனி தொடங்கினோம். பனியன் துணி பின்னுகிற நிட்டிங்கும் விற்பனையும் அவர் பொறுப்பு. சலவை என் பொறுப்பு. நொய்யல் கரையில் வெளுத்த துணியைக் காயப்போட்டால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கொக்குக் கூட்டம் இறங்கியது போலிருக்கும். வெட்டித் தைத்த சரக்கைக் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போடுவோம்.

ரங்கசாமி வாய் ஓயாத மனிதர். மிஷின் நின்றால்கூடப் பேசுவார், ஓடினால் அதைவிடச் சத்தமாகப் பேசுவார். நல்ல விலைக்குச் சரக்கு போனால், “இன்னிக்கு நரி மொகத்துல முழிச்சனுங்க மச்சான்” என்பார். காலையில் அவர் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான் என்பதை நினைத்து நானும் சிரிப்பேன்.

ஒரு தடவை ஒரு லாட் சரக்கு முழுக்க மஞ்சளேறிவிட்டது. வெளுக்கிற மருந்தைச் சரியாக அலசாமல் விட்டது என் தவறு. காதர்பேட்டைக் கடையில் கல்கத்தா வியாபாரி ஒரு பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். ரங்கசாமி சமாளித்தார்.

“நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எங்க மச்சான் நெம்பப் படிச்சவருங்க. புஸ்தகத்தப் பாத்து வெளுத்தா பனியன் மஞ்சக் குளிக்கத்தானுங்க செய்யும்.”

கடையே சிரித்தது. வியாபாரியும் சிரித்து, விலையைக் குறைத்துச் சரக்கை எடுத்துக்கொண்டார். அந்தப் பேச்சு எங்களைக் காப்பாற்றியது. இப்போது எனக்கு அது தெரிகிறது. அன்று நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்காமல் கிடந்தேன்.

அடுத்த ஞாயிறு காலை பாவாயி சந்தகை செய்தாள். கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அரிசி மாவை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சந்தகைக் கட்டை என்கிற இரும்பு அச்சில் இட்டு நூல்நூலாகப் பிழிய வேண்டும். பிழிவதற்கு வலுவான கை வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கை ரங்கசாமியுடையது. சந்தகை என்றால் அக்காள் சொல்லி அனுப்புவாள், தம்பி வந்துவிடுவார்.

நான் முன்வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கேட் பக்கத்தில் ரங்கசாமி வந்து நின்றார். கக்கத்தில் வாழை இலைக் கட்டு.

எங்கள் பக்கத்தில் ஒறம்பரை, அதாவது உறவினர், வாசலுக்கு வந்தால் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். குளித்துக்கொண்டிருப்பவர்கூட உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அந்த ஒரு சொல் விட்டுப்போனதால் பெண் கொடுக்கல் வாங்கல் நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும். அந்தச் சொல் இல்லாமல் யாரும் உள்ளே வர மாட்டார்கள். ரங்கசாமியும் அதற்காகத்தான் நின்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இலைக் கட்டோடு திரும்பிப் போனார்.

சமையல்கட்டிலிருந்து பாவாயி கேட்டாள். “தம்பி வந்துட்டானுங்களா?”

“இல்லை” என்றேன்.

மாவு இறுகியது. நானே பிழிந்தேன். விரல் தடிமனுக்கு வந்தது. பாவாயி அதைத் தட்டில் போட்டுக்கொண்டு, “அவனுக்கு என்ன சோலியோ” என்றாள். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கூப்பிட்டும் வராத தம்பி என்று இவளும் போகவில்லை. கம்பெனியைப் பிரித்துக்கொண்டோம். நாங்கள் இங்கே கிளம்பியபோது வழியனுப்ப அவர் இல்லை. மகள் கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அன்று பாவாயி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

4

கொயோட்டிக்கு வருகிறேன்.

பருத்தி எடுத்து முடித்த ஒரு காலை. காய்ந்து நின்ற பருத்தித் தண்டுகளின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. காற்று முகத்தில் அடித்தது. வால்ட்டர் எனக்கு வலப்பக்கம் ஒரு புதருக்குள். நான் முள்மரத்தில் சாய்ந்து ஊதினேன். மூச்சை உடைத்து, தளரவிட்டு, நிறுத்தி, மறுபடி ஊதினேன். காது அரித்தது. விட்டுவிட்டேன். கால் மரத்தது. அதையும் விட்டுவிட்டேன். எழுந்துவிடலாம் என்று தோன்றியபோது எழவில்லை.

அப்போது அது வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது அங்கே இருந்தது. தலையைத் தாழ்த்தி, சின்ன ஓட்டமாக, நேராக என்னை நோக்கி வந்தது. சாம்பலும் செம்மண்ணும் கலந்த நிறம். ஒறம்பரை வந்து நிற்கிற தூரத்தில் நின்று, தலையை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்தது.

என் கை ஊதலைக் கீழே இறக்கியது. வாய் தானாகத் திறந்தது.

“வாங்க” என்றேன்.

முணுமுணுப்பு இல்லை. நல்ல தெளிவான, மரியாதையான ‘வாங்க’. அது ஒரு காதை மட்டும் சாய்த்தது. பிறகு திரும்பி, அவசரம் இல்லாததுபோலத் தொடங்கி, அவசரமாகப் போய்விட்டது.

வால்ட்டர் புதரிலிருந்து எழுந்து வந்தார்.

“என்ன சொன்னாய் அதனிடம்?”

“வரச் சொன்னேன்.”

“அது வந்துதானே நின்றது?”

அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கூப்பிட்டு ஒரு விலங்கு வருவது எப்படிப்பட்ட சந்தோஷம் என்பதைச் சொல்லத் தெரியவில்லை. சுடவில்லை என்பது எங்கள் இருவருக்குமே அன்று பெரிதாகப் படவில்லை. பிறகு வந்தவற்றில் சிலவற்றை அவர் சுட்டார், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

5

வால்ட்டர் என்னை வீட்டில் இறக்கிவிட்டு, பாவாயிக்குக் கையாலும் காலாலும் நடந்ததை நடித்துக் காட்டிவிட்டுப் போனார். அவளுக்குப் பாதிதான் புரிந்தது.

“ஏனுங்க, அந்த மனுசன் என்னங்க சொல்றாரு? நரிகிட்ட என்ன சொன்னீங்க?”

“வாங்கன்னு சொன்னேன்.”

அவள் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லாம இருப்பீங்களா? ஒறம்பரைன்னு ஒருத்தரு வந்து நின்னா வாங்கன்னு சொல்லாத மனுசனா நீங்க?”

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அதனால்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஒருத்தருக்குச் சொல்லலை, பாவாயி” என்றேன். முழுவதையும் சொன்னேன். கேட், இலைக் கட்டு, செய்தித்தாள், நான் சொன்ன ‘இல்லை’ வரை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். முதலில் வந்தது அது இல்லை.

“அவன் வந்தானுங்களா?”

“வந்தார்.”

“எலை கொண்டாந்திருந்தானா?”

“கக்கத்தில் வைத்திருந்தார்.”

“எலை நான் அறுத்துக்கிட்டு வர்றேன்னு சொல்லியுட்டிருந்தான்” என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. அவ்வளவு வருஷமாகக் கூப்பிட்டும் வராதவனாக இருந்த தம்பி, அந்த நிமிஷத்தில் அவளுக்கு வந்தவனாகிவிட்டான். நான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பொருள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோபம் மத்தியானம் வந்தது. சோறு போட்டாள், பேசவில்லை. அந்த வாரம் முழுக்க ரசத்தில் உப்பு இல்லை. மறந்து விட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சிகாகோவிலிருந்து மகள் தொலைபேசியில் பேசினாள். பாவாயி அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மகள் ஆங்கிலத்தில், “எனக்கு ஒரு மாமா இருக்கிறாரா?” என்று கேட்டாள். ஊரை விட்டு வரும்போது அவள் சின்னக் குழந்தை இல்லை, பள்ளிக்கூடம் போனவள்தான். அந்தப் பெயரே இல்லாத வீட்டில் வளர்த்துவிட்டு, பிள்ளைகள் ஊரை மறந்துவிட்டார்கள் என்று நான் எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு பாவாயி என் எதிரே வந்து நின்றாள்.

“நீங்களே கூப்புடோணும். நான் மாட்டேன்.”

6

திருப்பூருக்கு டிரங்க் கால் பதிவு செய்வது கொயோட்டிக்கு உட்காருவதைவிடக் கடினம். இங்கே உள்ள ஆபரேட்டர் பெண் ‘ரங்கசாமி’யை எழுத்தெழுத்தாகக் கேட்டு, எழுதி, திரும்பச் சொல்லி, வேறு யாரோ ஒருவரைத் தேடினாள். மதறாஸ் கிடைத்தது, கோயமுத்தூர் கிடைத்தது, இரண்டும் சேர்ந்து அறுந்தன. ஒருவழியாக அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஆருங்க?”

“நான்தான் மாப்ளே.”

மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சொல்லுங்க மச்சான்.”

“அன்னைக்கு வாசல்ல வந்து நின்னீங்க. நான் வாங்கன்னு சொல்லலை. தப்புங்க.”

“கேக்கலீங்க. சத்தமாச் சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னேன்.

“மிஷின் ஓடுதுங்க மச்சான். இன்னும் கொஞ்சம் சத்தமா.”

கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பாவாயி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு தவறை இரண்டு கண்டங்களுக்குக் கேட்கும்படி சொல்லி முடித்தேன். பிறகு அவள் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அந்தப் பக்கம் அது நன்றாகக் கேட்டது போலத்தான் இருந்தது.

மறு ஆண்டு அவர் வந்தார். திருப்பூர்ப் பனியனை வெளிநாட்டுக்கு அனுப்புகிற பேச்சு தொடங்கியிருந்த நேரம். நியூயார்க்கில் ஒரு வியாபாரியைப் பார்க்கும் வேலை. மதறாஸில் விசா கொடுப்பவர் என்ன காரியமாகப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, “அக்காளப் பாக்கங்க. அப்படியே யாவாரமும்” என்றாராம். நியூயார்க்கில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்தால் பனியன்களுக்கு நடுவே கால் முளைத்த ஓர் இரும்புச் சாமான். துப்பாக்கியின் பாகமோ என்று இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். சந்தகைக் கட்டை. டெக்சஸில் அக்காள் எதில் பிழிகிறாளோ என்று அங்கிருந்து சுமந்து வந்திருக்கிறார்.

விமான நிலையத்தில் அவர் எங்களைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நான் “வாங்க மாப்ளே” என்று கத்திவிட்டேன். சம்பந்தமில்லாத இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முடி முழுக்க நரைத்திருந்தது. அக்காளைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “என்னக்கா இப்படி எளச்சுப் போயிட்ட” என்றார். பாவாயி இளைக்கவில்லை. அவள் குனிந்து அவர் பெட்டியைத் தூக்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, நான் வால்ட்டரோடு போவதைப் பார்த்து ரங்கசாமி தானும் வருகிறேன் என்று கிளம்பினார். விதிகளைச் சொன்னேன். அசையக்கூடாது, இருமக்கூடாது, முக்கியமாகப் பேசவே கூடாது. “ஊமையாட்ட இருக்கறனுங்க” என்று சத்தியம் செய்தார். என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தில் அதே மரத்தில் சாய்ந்தார். வால்ட்டர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தன் புதருக்குள் போனார்.

ஊதினேன். காத்திருந்தேன். மறுபடி ஊதினேன். நல்ல காற்று, நல்ல வெளிச்சம். வருவதற்கு வேண்டிய எல்லாம் இருந்தது.

“ஏனுங்க மச்சான்.”

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லீர்றனுங்க. மனசுல வெச்சிருக்க முடியலீங்க.”

“என்ன?”

“அன்னைக்கு போன்ல கத்துனீங்களே.”

“ஆமாம்.”

“எனக்கு மொதத் தடவையே கேட்டுருச்சுங்க.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் கொயோட்டி வருகிறதா என்று தூரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுக்குள் அவர் தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. வால்ட்டர் புதரிலிருந்து எழுந்து, துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வண்டிக்கு நடந்தார். நாங்கள் எழவில்லை. ரங்கசாமி அந்த மஞ்சள் பனியன் லாட் கல்கத்தாவில் என்ன ஆயிற்று என்று சொல்லத் தொடங்கினார். அதை முடிப்பதற்குள் வேறொன்று நினைவு வந்தது. வெயில் ஏறி உறைபனி கரைந்து தண்டுகளிலிருந்து சொட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அன்று அந்த வட்டாரத்தில் நாங்கள் இருந்த இடம் தெரியாத கொயோட்டி ஒன்றுகூட இருந்திருக்காது. ஒன்றும் வரவில்லை.